மூன்று கூறு

கோரைத் தாங்கலில் எத்தனை வகை மீன் இருந்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் யோசிக்காமல் சொல்வேன். இருபத்தேழு. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்பாள் என் மனைவி சுசீலா. அவள் கேட்பதும் சரிதான். சொல்ல வேண்டிய நாளில் நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆவடியில் தொழிற்சாலை வேலை கிடைத்து வந்தவன். குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சமயத்தில், எண்பத்தேழாம் வருஷம், நூம்பலில் ஒரு ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். திருவேற்காடு வழியாகச் சைக்கிள் மிதித்தால் வேலைக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் பின்னால் முள்வேலி போட்ட நாலைந்து மனைகள். அவற்றைத் தாண்டினால் தாங்கலின் கரை.

அதை ஏரி என்று சொன்னால் பெரிய ஏரிக்காரர்கள் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் முப்பது ஏக்கர் தண்ணீர் நிற்கும், சித்திரையில் பாதியாகச் சுருங்கிவிடும். கீழே இருந்த நெல் வயலெல்லாம் மனையாகிப் போனதால் மதகைத் திறக்கவும் ஆள் இல்லை, மூடவும் ஆள் இல்லை. அந்த வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர்களில் பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். மிச்சம் ஆறு குடும்பம் கரையிலேயே குடிசை போட்டு வலையைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒருவர் செங்கல்வராயன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, தண்ணீரில் ஊறி வெளுத்த கால்விரல்கள். அவர் பிடித்துவரும் மீனை மனைவி நாகவல்லி வேலப்பன்சாவடி சந்திப்பில் கூடை வைத்து விற்பாள். விற்காமல் மிஞ்சிய கெளுத்தியை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவாள். கரிசல்காட்டில் பிறந்த எனக்கு மீன் முள் எடுக்கக் கற்றுக்கொடுத்தது அந்தக் கிண்ணம்தான்.

அவர்கள் மீனைப் பங்கு போடுவதை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வலையை இழுத்துக் கரையேற்றியதும் மீனைக் கொட்டி ஆறு கூறு வைப்பார்கள். கூறு வைக்கிறவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் கை தன் பக்கம் கொஞ்சம் சாயுமல்லவா. அதனால் ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டித் தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டும். கூறு வைத்தவர் ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்பார். முதுகு காட்டி இருப்பவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தக் குவியல் அவருக்கு. அப்புறம் பேச்சு கிடையாது. அநேகமாக முதுகு காட்டி உட்காருபவள் நாகவல்லிதான். அவள் வாய்க்கு யார்மேலும் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது என்று அந்த ஆறு குடும்பத்தில் ஒருவனான முனியன் சொல்வான்.

எண்பத்தெட்டில் தாங்கலுக்கு மூன்று சார்கள் வர ஆரம்பித்தார்கள். மூன்று பேருக்கும் நல்ல பெயர்கள் இருந்தன. ஆனால் கரையில் அவர்கள் கொண்டுவந்த சாமானைத்தான் பெயராக வைத்தார்கள். பாட்டில் சார் ஒரு காலேஜில் வாத்தியார். துணிப்பையில் மருந்து ஊற்றிய கண்ணாடிப் பாட்டில்களைக் கொண்டுவந்து மீனை உள்ளே விட்டு எடுத்துப்போவார். ஐஸ்பொட்டி சார் மீன்வளத்துறை, சர்க்கார் ஆபீஸ், ஐஸ் போட்ட பெட்டியோடு ஜீப்பில் வருவார். நோட்டு சார் இயற்கையைக் காப்பாற்றவென்று பட்டணத்தில் தொடங்கிய ஒரு சங்கத்தின் ஆள். அவர் மீனை எடுத்துப்போகமாட்டார். பார்த்துப் படம் வரைந்து, அளவு எடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்தத் தண்ணீரில் என்ன உயிர் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மூவரில் ஒருவரும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. செங்கல்வராயன் கொண்டுவந்து கொடுப்பதுதான் அவர்களுக்குத் தாங்கல்.

ஒருநாள் பாட்டில் சாரும் ஐஸ்பொட்டி சாரும் ஒரே நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் செங்கல்வராயன் தேளி மீன் வைத்திருந்தார். அடுத்தவர் பெட்டியில் தேளியைப் பார்த்ததும் பாட்டில் சாரின் முகம் கோணிவிட்டது. அவங்களுக்குக் குடுத்ததையே எனக்கும் குடுக்கறியா, எனக்குப் புதுசா வேணும் என்று சொல்லி, பாட்டிலைத் திறக்காமலே பஸ் ஏறிவிட்டார். ஐஸ்பொட்டி சாரும் அன்றைக்கு உர்ரென்றுதான் போனார். செங்கல்வராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீடு தேடி வந்த மனிதரைக் குறையோடு அனுப்பிவிட்டோம் என்று என்னிடம் வந்து புலம்பினார்.

மறுவாரமே தனக்குத் தெரிந்த நியாயப்படி அதற்கு ஒரு வழி பண்ணினார். தாங்கலில் கிடைக்கும் மீன் வகைகளை மூன்று கூறாகப் பிரித்துவிட்டார். ஒரு வகை புதிதாக வலையில் ஏறினால் நாகவல்லி முதுகைக் காட்டி உட்காருவாள். இது யாருக்கு என்பார். பாட்டில் என்பாள், அல்லது ஐஸ்பொட்டி, அல்லது நோட்டு. அன்றிலிருந்து அந்த வகை அந்தச் சாருக்கு மட்டும். மற்ற இருவர் கண்ணில் அதைக் காட்டுவதே இல்லை. ஒருவருக்குக் கொடுத்ததையே இன்னொருவருக்கு நீட்டினால் எச்சில் நீட்டுவது போல ஆகிவிடுமாம்.

அதில் என் கையும் இருந்தது. சார்கள் மீனின் ஊர்ப் பெயரைச் சீட்டில் எழுதிக் கேட்டார்கள். செங்கல்வராயன் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவன் நான். மூன்று வருஷம் எழுதினேன். ஒரு சீட்டில் வந்த பெயர் இன்னொருவர் சீட்டில் வருவதில்லை என்பது தெரிந்துதான் இருந்தது. நல்ல ஏற்பாடு என்று பாராட்டவும் செய்தேன். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்றில் தாங்கலை மனைப்பிரிவாக வகை மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஒரு வீட்டுமனைச் சங்கம் மனுப் போட்டது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கத்தில் நானும் உறுப்பினன். எங்கள் செக்‌ஷன் கோவிந்தராஜ்தான் அதற்குச் செயலாளர். சேரும்போது மனை எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகு விலகவில்லை. ஓட்டு வீடு ஒழுகியது, இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தது, சுசீலா சொந்தச் சுவர் சொந்தச் சுவர் என்று தூக்கத்தில்கூடச் சொன்னாள்.

கரையில் இருந்த ஆறு குடும்பமும் எதிர்மனுப் போட்டது. இது செத்த குட்டை இல்லை, மீன் இருக்கிறது, எங்கள் பிழைப்பு இருக்கிறது என்று. அதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஒரே பேனாவால் சங்கத்துக்கும் கையெழுத்துப் போட்டேன், இவர்களுக்கும் எழுதினேன்.

விசாரணை நசரத்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் அப்படியே இருந்தது. வெளியே கார்த்திகை மழை. விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. தாங்கலில் என்ன இருக்கிறது என்று மூன்று சார்களின் இடங்களுக்கும் எழுதிக் கேட்டிருந்தார். பதில்களை வாசித்தார். ஒரு பதில் எட்டு வகை மீன் என்றது. இன்னொன்று ஒன்பது. மூன்றாவது பத்து. மூன்று தனித்தனி ஆபீஸ், ஒன்றையொன்று கேட்காமல் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்கிறது, இதைவிட என்ன ருசு வேண்டும் என்றார். சராசரி ஒன்பது. ஒன்பது வகை எந்தக் குட்டையிலும் இருக்கும் என்று சொல்லிவிட்டு, மறுப்பு இருந்தால் பத்து நாளில் கொண்டுவரச் சொல்லி எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் செங்கல்வராயன் குடிசையில் உட்கார்ந்திருந்தோம். கூரை ஒழுகும் இடத்தில் அலுமினியக் குண்டான் வைத்திருந்தது. நாகவல்லி அடுப்பில் ஈர முள்விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார் இது, ஒம்போதுன்றாங்க,” என்றார் செங்கல்வராயன். “ஒரு தபா வல இஸ்தாலே அதுக்கு மேல வருமே.”

“மொத்தம் எத்தன வகை இருக்கும்? நிதானமா எண்ணிச் சொல்லுங்க,” என்றேன்.

அவர் விரல்கணுவைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். விரால், குறவை, தேளி, ஆரால், கெளுத்தியில் மூன்று, வாளை, பனையேறி, அயிரை, உளுவை, கெண்டையிலேயே ஏழு. தீப்பெட்டிக்குள் அடங்கும் கண்ணாடி போன்ற ஒன்று, அதற்கு அவர்கள் வைத்த பெயர் பேபி. இப்படி இன்னும் எட்டு. நான் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இருபத்தேழில் நின்றது. எட்டும் ஒன்பதும் பத்தும் எவ்வளவு என்று மனசு தானாகக் கூட்டியது. அதுவும் இருபத்தேழு.

நான் சொல்வதற்கு முன்பே நாகவல்லிக்குப் புரிந்துவிட்டது. ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“நான்தான சொன்னேன்,” என்றாள். “முதுக காட்டிகினு குந்திகினு, நீ இது யாருக்கு இது யாருக்குன்னு கேக்கக் கேக்க, நான்தான ஏரியப் பிச்சிப் பிச்சி மூணு பேருக்குக் குட்த்தேன்.”

“நாயமாத்தான செஞ்சோம் நாகு.”

“நாயமாத்தான் செஞ்சோம். அத்த நெனச்சாதான் வவுறு எரியுது.”

செங்கல்வராயன் நிரம்பிய குண்டானை வெளியே கொட்டிவிட்டு வந்தார். பிறகு, மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்து மூன்று கூறையும் ஒன்றாகக் கொட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகிவிடும் என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

நான் மூன்று நாள் லீவு போட்டேன். செங்கல்வராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதலில் காலேஜுக்குப் போனோம். பாட்டில் சார் டீ வாங்கிக் கொடுத்தார். அலமாரியில் தாங்கல் மீன் வரிசையாக நின்றது. செங்கல்வராயன் ஒவ்வொன்றையும் பார்த்து, நல்லா வச்சிருக்கீங்க சார் என்றார். விஷயத்தைக் கேட்டதும் பாட்டில் சாருக்கு முகம் மாறியது. அவர் பட்டியல் இன்னும் அச்சாகவில்லையாம். இப்போது வெளியே கொடுத்தால் மற்றவர்கள் முந்திக்கொண்டு அச்சுப்போட்டுவிடுவார்களாம். ஆறு மாசம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஐஸ்பொட்டி சார் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் தாளைத் தருவதென்றால் அந்தக் காலேஜின் தலைவர் இவருடைய மேலதிகாரிக்கு எழுத வேண்டும். இவர்கள் ரிஜிஸ்டரில் ஒரு பெயர், காலேஜில் வேறு பெயர், எது எது என்று ஒப்பிட ஓர் ஆள் போட வேண்டும். அதுவுமில்லாமல் தின்கிற மீனை மட்டும்தான் இவர்கள் எழுதுவார்கள். தின்னாத மீன் இவர் கூறில் நாலு போயிருந்தது. அதை அவர் எழுதவே இல்லை, இடத்தை அடைக்கிறது என்று கொட்டிவிட்டாராம். பத்து வந்திருக்க வேண்டிய இடத்தில் ஆறுதானே வரும் என்று கேட்டேன். மிச்சம் நாலு, பக்கத்து ஏரிப் பட்டியலிலிருந்து சேர்த்தது என்றார். இதைக் கேட்டபோது எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

நோட்டு சார்தான் மிகவும் சந்தோஷப்பட்டார். இதைத்தான் நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன் என்றார். மூன்று அமைப்பையும் கூப்பிட்டு ஒருங்கிணைப்புக் கூட்டம் போடுவதாகவும், எல்லாரும் ஒரே மாதிரி எழுத ஒரு படிவம் தயாரிக்கப் போவதாகவும் சொன்னார். கூட்டம் எப்போது என்றேன். மூன்று மாசத்தில் என்றார். விசாரணைக்கு இன்னும் ஐந்து நாள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே செங்கல்வராயனைக் கேட்டார்: “மூணு வருஷமா இத எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல சார். மீனத்தான் கேட்டீங்க,” என்றார் செங்கல்வராயன்.

செங்கல்வராயனும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். மதுரவாயல் வந்ததும், நான் எழுதி வைத்திருக்கும் காகிதம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன்.

இரண்டாவது விசாரணையிலும் மழை. ஆறு குடும்பமும் தரையில் உட்கார்ந்திருந்தது. சங்கத்துக்காரர்கள் நாற்காலியில். அதிகாரி கேட்டதும் செங்கல்வராயன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு இருபத்தேழையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தாங்கலில் கேட்காத குரல் அது, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போல நடுங்கிக்கொண்டு வந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாயால் சொன்னால் எப்படி ஏற்பது, எழுத்தில் இருக்கிறதா என்றார்.

“கீது சார். அந்த சாரு எய்தி வச்சிகீறாரு. மூணு வருசமா சீட்டு எய்தினவரும் அவருதான். அவரக் கேளுங்க.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதிகாரி, நீங்கள் எந்த ஆபீஸ் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். காகிதம் சட்டைப் பையில் இருந்தது. சங்கத்து வரிசையில் முதல் நாற்காலியில் கோவிந்தராஜ் உட்கார்ந்திருந்தார். அவர் முறைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. சும்மா பார்த்தார். எனக்கு ஒதுக்கிய மனை நாற்பத்தொன்று என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

“நான் எந்த ஆபீஸும் இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். நாகவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். செங்கல்வராயன் பார்க்கவில்லை. நான் காகிதத்தை எடுப்பேன் என்று அவர் அதிகாரியின் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்திரையில் கரையை உடைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வடிந்து நடுவில் ஒரு சேற்றுக்குழி மிஞ்சியது. இருந்த மீனெல்லாம் அதில் வந்து நெருக்கியது. ஊரே கூடையோடு இறங்கியது. விராலும் கெளுத்தியும் அள்ளினார்கள். சின்ன மீனை மிதித்துப் போட்டார்கள். செங்கல்வராயன் சேற்றில் இறங்கவில்லை. முனியன் கொண்டுவந்து கொடுத்த பங்கையும் நாகவல்லி வாங்கவில்லை. நாலு நாள் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு நாற்றம். பிறகு லாரி லாரியாகக் கட்டட இடிசல் வந்து கொட்டியது. ஆறு குடும்பத்தில் இரண்டு குடும்பம் எங்கே போனது என்றே தெரியாது. செங்கல்வராயன் அம்பத்தூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டிரம் உருட்டப் போனார். ஆறு மாசத்தில் கைத்தோல் உரிந்து போனது. நாகவல்லி வீட்டு வேலைக்குப் போனாள்.

தொண்ணூற்று நாலில் நாற்பத்தொன்றாம் மனையில் வீடு கட்டிக் குடிபுகுந்தோம். அந்த இடத்துக்குக் கோரைத் தாங்கல் நகர் என்று பெயர் வைத்தார்கள். தெருவில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க நாகவல்லி வந்தாள். ஒரு வீடு எங்களுடையது. சுசீலாதான் கூப்பிட்டாள், உதவியாக இருக்கட்டும் என்று. நாகவல்லி என்னிடம் அந்த விசாரணையைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தால் அவள் பின்பக்கமாக வந்து, பின்பக்கமாகவே போய்விடுவாள்.

மறுவருஷம் எனக்கு ஒரு தபால் வந்தது. நோட்டு சாரின் கூட்டம் கடைசியில் நடந்துவிட்டது. மூன்று அமைப்பும் கைகுலுக்கிக்கொண்டு ஒருங்கிணைந்த பட்டியல் ஒன்றை அச்சடித்திருந்தன. வழவழப்பான தாள். நாற்பதாவது பக்கத்தில் கோரைத் தாங்கல், இருபத்தேழு வகை, சுற்றுவட்டாரத்திலேயே அதிகம், பாதுகாக்கத் தக்கது என்று இருந்தது. நேரில் யாரும் வந்து பார்க்கவில்லை போலும். பிரதி ஒன்று செங்கல்வராயனுக்குக் கொடுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் கொடுக்கவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

தொண்ணூற்றாறு ஜூனில் எதிர்பாராமல் கொட்டிய மழை பட்டணத்தில் இருந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் நகரில் தண்ணீர் தன் பழைய இடத்தை ஒருநாளில் கண்டுபிடித்துவிட்டது. விடிந்தபோது இரண்டு படி மூழ்கி மூன்றாம் படியில் தண்ணீர் நின்றது. காம்பவுண்டுக்குள் என்னமோ துள்ளுகிறது என்று பிள்ளைகள் கத்தினார்கள். அப்போது பள்ளத் தெருவின் இடுப்பளவு தண்ணீரில் நாகவல்லி வந்தாள். பின்னால் செங்கல்வராயன். கொசுவலைத் துண்டு ஒன்று அவர் தோளில் கிடந்தது. கேட்டைத் திறக்கலாமா என்று கேட்டார். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரம் என் காம்பவுண்டு முழுக்கத் துழாவினார். செம்பருத்திச் செடியடியில், செப்டிக் டேங்க் மூடியோரம், சைக்கிளுக்கு அடியில். பிடித்ததையெல்லாம் சுசீலாவின் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். பிறகு வராந்தா சிமெண்டில் கொட்டிப் பரப்பி வகை வகையாக ஒதுக்கினார். நாகவல்லி அவளையறியாமல் மீனுக்கு முதுகைக் காட்டி, தெருத் தண்ணீரைப் பார்த்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“திரும்பிக் குந்து நாகு,” என்றார் செங்கல்வராயன். “கூறு இல்ல.”

அவள் திரும்பினாள். அவர் என்னைப் பார்த்தார்.

“காயிதம் எட்தாந்து எய்து சார்.”

நான் போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தேன். அவர் சொன்னார், எழுதினேன். குறவை. தேளி. பனையேறி. சிலேபி. ஐந்தாவதை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாக்கடையில் கொசுவுக்கு விடுகிற மீன், பெயர் தெரியாது, அப்படியே எழுது என்றார். எழுதினேன். அடுத்ததுக்குப் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அவ்ளோதான்,” என்றார்.

அலமாரியில் இருந்த புத்தகம் எனக்கு நினைவு வந்தது. உள்ளே போய் எடுத்துவர எழுந்தேன். நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். நின்றபடியே, இந்தக் காகிதத்தை யாருக்கு அனுப்புவது என்று கேட்டேன்.

“மூணு பேருக்கும் அனுப்பு சார்,” என்றார் செங்கல்வராயன். உரிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “இந்த தபா மூணு பேரு கணக்கும் ஒண்ணா வரும்.”